ரசம் ஏறாத வண்டி

எங்கள் பிக்கப் வண்டியில் நான் முக்காலி போட்டுத்தான் ஏறுவேன். சமையல்கட்டில் காய் நறுக்க உட்காருகிற அதே முக்காலி. ஏறி உட்கார்ந்ததும் கயிற்றால் அதை மேலே இழுத்துக்கொள்வேன், இறங்கும்போது கீழே விடுவேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வண்டிக்கு 'முக்காலி வண்டி' என்றே பேராகிவிட்டது. வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கி வைத்த புண்ணியவான் என் வீட்டுக்காரர். தூக்கியதில் வந்த வினையைத் தீர்க்க, தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரு முழு வாரம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அப்போது மண்ணூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டிருந்தோம். என்னையும் சேர்த்து ஆறு பொம்பளைகள் சமைப்போம். அவர் வண்டி ஓட்டுவார், நான் கூடப் போய்ப் பரிமாறுவேன். முந்தின ஐப்பசியில் ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கலிலிருந்து வெள்ளம் ரோட்டின் மேலே ஓடியது. வண்டி நட்டநடுவில் நின்றுவிட்டது. சாப்பாடு போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் பிஸ்கட் தின்றுவிட்டு மிஷினுக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த அவமானம் இவருக்குப் பொறுக்கவில்லை. இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த மெக்கானிக் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் போய், சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் இரண்டு பட்டை சேர்த்து, அடியில் கட்டையும் கொடுத்து, வண்டியை ஒரு சாண் தூக்கிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

தண்ணீர் இனி உள்ளே வராது, வாஸ்தவம். ஆனால் சாம்பார் வெளியே போக ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட வண்டி கீழே போய், மேலே போய், 'டொக்' என்று அடித்து, மறுபடி ஆடும். அண்டா மூடிக்கு மேலே வேட்டித் துணி கட்டிப் பார்த்தேன். துணி நனைந்ததுதான் மிச்சம். முதல் பலி என் ரசம். நீர்க்க இருப்பதால் அதுதான் அதிகம் துள்ளும். பத்து நாள் பார்த்துவிட்டு ரசம் வைப்பதையே நிறுத்தினேன். வாய்விட்டே சொல்கிறேன், என் சமையலில் நான் கர்வப்படுகிற ஒன்று ரசம்தான். அதை நிறுத்திய அன்று எனக்கு அழுகை வந்தது. இவர்மேல் வந்த கோபத்துக்கு மூன்று நாள் நேராகப் பேசவில்லை.

கம்பெனி கேன்டீன் சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம் ஒரு குச்சி இருக்கும், அதில் பிளேடால் கீறிய ஒரு கோடு. ஒவ்வொரு அண்டாவிலும் குச்சியை விட்டுப் பார்ப்பார். கோடு வரைக்கும் நனைந்தால்தான் கணக்குச் சரி. பல மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டே பொறுத்தவர், ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை குச்சியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னம்மா, பாதி சாம்பார ரோட்டுக்குப் பரிமாறிட்டு மிச்சத்தத்தான் இங்க கொண்டு வாரீங்களா? இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அடுத்த வெள்ளி கோடு நனையலன்னா நான் வேற ஆளப் பாக்கணும்லா?"

அந்தச் சமையல்கட்டு நான் தொடங்கியது. கல்யாணமான பிறகு என்னுடையது என்று எனக்கு இருந்த ஒரே காரியம் அதுதான். மற்ற ஐந்து பேர் வீட்டிலும் அடுப்பெரிவது அதை நம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். என்னை எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"ஷாக் அப்சார்பர்தான் தங்கச்சி பிரச்சன. பட்டை வண்டியத் தூக்கும், ஷாக்குதான் ஆட்டத்த அடக்கும். வண்டிய ஒசத்திட்டோம், ஷாக்கு பழசு. கைய முழுக்க நீட்டிக்கினு தொங்கிக்கினு கீது. அது இன்னா ஆட்டத்த அடக்கும்?"

"பேசாம பழையபடி இறக்கிடுங்கண்ணே" என்றேன்.

"ஐப்பசி வருது. நீ சோத்த தலைல தூக்கிக்கினு கலங்கல்ல நீந்தப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நீளமான ஷாக் போடுவது என்று முடிவானது. மெக்கானிக் டேப் பிடித்து, ஷாக்கை மாட்டுகிற மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை அளந்து, சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை சாப்பாடு இறக்கிய கையோடு இரண்டு பேரும் மெட்ராஸில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் நாலு ஷாக் வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றும் என் முழங்கை கனம். மினி பஸ்ஸுக்குப் போடுவதாம். கனமாக இருந்தால் பலமாகத்தானே இருக்கும் என்று ஆம்பளைகளுக்கு ஒரு நினைப்பு. துருப்பிடித்த பழைய போல்ட்டை மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, திட்டிக் கழற்றிப் புதுசை மாட்டினார்கள். சாயங்காலமே ஏரிக்கரை வரை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம். வண்டி கம்மென்று போனது. இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நான் பின்னால் அண்டாக்களோடு உட்கார்ந்தேன். தெரு முனை திரும்பும் முன்பே தெரிந்துவிட்டது. வண்டி ஆடவில்லை, இடித்தது. ஒவ்வொரு பள்ளமும் நேராக என் இடுப்பெலும்பில் வந்து இறங்கியது. சாம்பார் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து என் ஜாக்கெட்டில் விழுந்தது. கேன்டீனில் குச்சி கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. சூப்பர்வைசர் என் புடவையைப் பார்த்தார். "கொறஞ்சது எங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வெறும் வண்டியாகத் திரும்பும்போது மறுபடி கம்மென்று போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியை நேரே பட்டறைக்கு விடச் சொன்னேன்.

"ஏண்ணே, நீங்க அளந்தது என்னிக்கு?"

"ஞாயித்திக்கெழம."

"ஞாயித்திக்கெழம கம்பெனி லீவு. நமக்குச் சமையல் ஏது? வண்டில ஒரு கரண்டி கூட இல்ல. சோறும் சாம்பாரும் ஏறினா வண்டி எவ்ளோ உக்காருது, பாத்தீங்களா?"

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். லோடு ஏறியதும் வண்டி உட்கார, அந்தக் கனத்த ஷாக் முழுசாக உள்ளே போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்குமேல் மடங்க இடமில்லை. சாப்பாட்டு வண்டியை லீவு நாளில் அளந்த அறிவாளிகள் நாங்கள் மூன்று பேராகத்தான் இருப்போம்.

புதன்கிழமை மதியம் வண்டி திரும்பியதும், எல்லா அண்டாவிலும் வழக்கமான அளவுக்குத் தண்ணீர் நிரப்பி ஏற்றினோம். சோற்றுக்குப் பதில் அரிசி மூட்டை. "நீயும் ஏறு, நீதான் பெரிய லோடு" என்றார் இவர். முறைத்துக்கொண்டே ஏறினேன். மெக்கானிக் இந்தத் தடவை டேப்பை நம்பவில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி வாங்கி, இரண்டு காதுக்கும் நடுவில் வைத்து, வண்டி உட்கார்ந்திருக்கிற அளவுக்கு ஒடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் இறக்கி, ஜாக்கி போட்டு உடம்பைத் தூக்கி, சக்கரம் தொங்குகிற அளவுக்கு இன்னொரு குச்சி ஒடித்தார். முன்பக்கத்துக்கும் அதே மாதிரி இரண்டு.

"ஷாக்கு மூடினா சின்னக் குச்சிய விட நல்லா கொறையணும். நீட்டினா பெரிய குச்சிய விடக் கொஞ்சம் அதிகம் இருக்கணும். இந்த நடுவுலதான் அதுக்கு வேல" என்றார்.

அன்றைக்கே புதுப்பேட்டைக்கு நானும் போனேன். மறுபடி கனத்தைப் பார்த்து மயங்குவார்கள் என்று எனக்குப் பயம். கடைக்காரர் வரிசையாக எடுத்துப் போட, நான் ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி, கம்பியை உடம்பு பாரம் கொடுத்து அமுக்கினேன். சிலது அசையவே இல்லை. சிலது சர்ரென்று உள்ளே போனது, அதற்குள் எண்ணெயே இல்லை. ஒன்று மட்டும் நான் அமுக்க அமுக்க நிதானமாக இறங்கியது, இழுத்தபோது அதே நிதானத்தில் வந்தது. பதமாக அரைத்த மாவைக் கையால் கலக்கும்போது இருக்குமே, அந்தத் தடை. குச்சிகளை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. "இதுதான்" என்றேன். அதே பதத்தில், முன்பக்கக் குச்சிக்கு இரண்டும் பின்பக்கக் குச்சிக்கு இரண்டுமாக நாலு பொறுக்கினோம். கடைக்காரர், "அம்மா எந்தப் பட்டறை?" என்று கேட்டார். "அடுப்பங்கரை" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதற்காக அவரைப் பாதி மன்னித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டினோம். மாட்டும் முன் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து, உள்ளே இருக்கும் காற்று போக ஐந்தாறு தடவை அமுக்கி இழுத்தார் மெக்கானிக். காதுக்குள் ரப்பர் வளையமான புஷ் போட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி நிறுத்தினார். மறுபடி தண்ணீர் அண்டா ஏற்றி, வண்டி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்கினார். அப்படி இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியாதாம். அதையும் கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. நான் முன்னால் உட்காரவே இல்லை. பின்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் கை வைத்துக்கொண்டே வந்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் எப்போதும் எங்களைக் கவிழ்க்கப் பார்க்கிற அந்தப் பெரிய பள்ளம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி இறங்கியது, ஏறியது, ஒரே ஒரு தடவை அசைந்து நின்றது. மூடிக்கு அடியில் சாம்பார் லேசாகத் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. "என்னம்மா ஆச்சு?" என்று முன்னாலிருந்து கத்தினார் என் வீட்டுக்காரர். ஒன்றும் ஆகவில்லை என்று டிரைவர் கூண்டின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கேன்டீனில் சூப்பர்வைசர் குச்சியை முதல் அண்டாவில் விட்டார். எடுத்தார், பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். கோட்டுக்கு மேலேயே நனைந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாமே அப்படித்தான். வெளியே போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். தொங்குகிற முக்காலியையும் பார்த்தார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தவர் குச்சியைக் கழுவி மாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பயக எட்டு மாசமா கேட்டுட்டே இருக்கானுவ. திங்கக்கெழமையில இருந்து ரசத்தையும் கொண்டு வந்துருங்கம்மா."