குளிப்பாட்ட ஆர் வாறீங்க?

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில எங்கட வளவுக்கு அடுத்த வளவில நெல் அவிச்சுக் கொடுக்கிற ராத்தா ஒருத்தி இருந்தா. ஆம்பிளையாப் பிறந்தவ எண்டு ஊர் சொல்லும். பள்ளிவாசல் புத்தகத்தில ஆண், எங்கட அடுப்படியில பெண். ஆம்பிளைகள் அண்ணனாக்கி "காக்கா" எண்டு கூப்பிட்டா அவவுக்குக் காது கேக்காது. நாங்க அக்காவாக்கி "ராத்தா" எண்டா ரெண்டு வளவு தாண்டியும் "ஓம் புள்ள" எண்டு குரல் வரும். கொண்டையை அவிழ்த்தா முடி இடுப்பைத் தாண்டும். எனக்கு அதில பொறாமைதான், மறைக்க என்ன இரிக்கி.

ஒரு வருசம் அவவுக்குக் கால் வீங்கிச்சு, பிறகு மூச்சு வாங்கிச்சு. நெஞ்சு பலவீனம், கன நாளைக்குத் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிட்டார். அதுக்கு அவ அழல்ல. வரிப்பத்தான்சேனையில இருந்து தங்கச்சிட மகன் வந்து சொன்னதுக்குத்தான் அழுதா. "மாமா மௌத்தானா நான் பொறுப்பு. முடிய வெட்டி, ஆம்பிளைகள வெச்சுக் குளிப்பாட்டி, ஒழுங்கா அடக்குவன்" எண்டான் அவன். ஆண் மையித்தை ஆம்பிளைகள் குளிப்பாட்டுவாங்க, பெண் மையித்தைப் பொம்பிளைகள். எங்கட வழக்கம் அது.

"உசிரோட இரிக்கக்க ஒருத்தனுக்கும் காட்டாத உடம்பு புள்ள. மௌத்தான பொறகு சுத்தி நிண்டு பாப்பானுகளா?" எண்டு கேட்டா.

நான் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினன். நல்லா ஏசட்டும் எண்டு ராத்தா காத்திருந்து, கண்ணைத் துடைச்சிட்டுச் சொன்னா: "ஏசி என்ன பலன்? நெய்ச்சோறு ஆக்குவம்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட மூண்டு பேருக்கு விருந்து. பள்ளிவாசல் நிர்வாகம் பாக்கிற மரைக்கார், ஓதிக் கொடுக்கிற லெப்பை, மற்றது அந்த மருமகன். மூண்டு பேரும் ஒரே சஹனைச் சுத்தி இருந்து, பெரிய தட்டில ஆளுக்கொரு பக்கமாத் தோண்டிக்கொண்டு போனாங்க. நான் சீலை மறைப்புக்குப் பின்னால நிண்டு ஓட்டையால பாத்துக்கொண்டிருந்தன்.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு வாசல்படியில குந்தினா. "சாப்பாடு எப்பிடி?"

"அல்ஹம்துலில்லாஹ், அந்த மாதிரி!" எண்டார் மரைக்கார், வாய் நிறைய இறைச்சியோட.

"எனக்கு இனிக் கன நாள் இல்ல. என்னக் குளிப்பாட்ட உங்கள்ள ஆர் வாறீங்க?"

மரைக்காருக்குப் புரையேறிச்சு. லெப்பை அவர்ர முதுகில தட்டினார். ஒரு செம்பு தண்ணி குடிச்ச பிறகுதான் அவருக்குக் கதை வந்திச்சு. "எனக்கு இடுப்பு வருத்தம். குனிய ஏலா."

"அப்ப ஊருக்க வேற ஆரு? பேரச் சொல்லுங்க, இப்பவே ஆளனுப்பிக் கேப்பம்."

"ஐயோ, ஒருத்தனும் வரமாட்டான்" எண்டு மரைக்கார் தன்ர வாயாலேயே சொல்லிட்டார்.

மருமகனுக்கு ரோசம் வந்திச்சு. "நான் இரிக்கன். நான் குளிப்பாட்டுவன்."

"வா மனே" எண்டு சொல்லி, ராத்தா எழும்பிப் போய் அங்க கிடந்த நீட்டு மர வாங்கில மல்லாந்து படுத்து, சட்டையிட மேல் பொத்தானில கையை வெச்சா. "இப்பவே பழகு. காக்காமார் பிழை திருத்துவாங்க."

அவன் கையில சோத்தோட எழும்பினவன், கிணத்தடிக்குப் போய்க் கை கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே நிண்டான். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குள்ள அடைச்சன்.

லெப்பை மட்டும் சிரிக்கல்ல. நல்ல மனுசன். "எழும்புங்க" எண்டார் மெதுவா. "ஆணோ பெண்ணோ எண்டு தீர்க்க ஏலாத காரியத்தில நாங்க தோண்டித் துருவத் தேவையில்ல. முழுசா மூடி, சீலைக்கு மேலால தண்ணி ஊத்தினாப் போதும். மனசுள்ள பொம்பிளைகள் செய்யட்டும். மையித்துட முடிய ஆரும் வெட்டப்படாது." மரைக்கார் அவசரமா மூண்டு தரம் "ஓம்" எண்டார்.

குளிப்பாட்டுற பொம்பிளைகளுக்குத் தலைமை நான் எண்டும் ராத்தா முடிவு பண்ணிட்டா. ஏன் நான் எண்டு கேட்டன்.

"இந்த ஊரிலயே எல்லாத்தையும் எட்டிப் பாக்கிற பெரிய விடுப்புக்காரி நீதானே. மத்தவளுகள் பயத்தில பாக்காம இருப்பாளுகள். நீ பாக்காம இருந்தாத்தான் எனக்கு மரியாதை."

ரெண்டு நாள் அவவோட கதைக்கல்ல நான். உண்மையைச் சொன்னா ஆருக்குத்தான் கோபம் வராது?

மாரி மழை விட்ட ஒரு முற்பகல் மௌத்தானா. நெல் அவிக்கிற ரெண்டு பொம்பிளைகளும் நானும் கதவைச் சாத்தினம். நனைஞ்ச சீலையிட ஓரம் என்ர கையில இருந்திச்சு. பன்னிரண்டு வருசம் பக்கத்து வளவில இருந்து அடக்கின விடுப்பு, அல்லாட காவல். ஒரு சாண் தூக்கினாப் போதும். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணியை ஊத்தினன். பிறகு பெண்ணுக்குப் பின்னுற மாதிரி முடியை மூண்டு பின்னலாப் பின்னினன். மையித்தைச் சுத்துற கபன் சீலை ஆணுக்கு மூண்டு துண்டு, பெண்ணுக்கு அஞ்சு. அதை வெட்டி அனுப்பினதும் அந்த லெப்பைதான்.

கதவைத் திறந்தா மருமகன் நிக்கான். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொல்லுங்க மாமி. உள்ள… என்ன?"

எனக்குத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்.

"உன்ர பெரியம்மா" எண்டன். "தூக்கு."

அவன் குனிஞ்சு, மையித்துப் பெட்டி சந்தூக்கிட முன்பக்கத்தைத் தன்ர தோளில ஏத்தினான்.