ஐஸ் ரூமில் வைத்த கமலாச் செடி

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஒட்டுக் கட்டத் தெரியும். அதை வைத்துத்தான் சோறு.

புதுவாயல் தாண்டி கும்மிடிப்பூண்டி போகிற ரோட்டில் ஒரு நாற்றுத் தோட்டம். நானும் என் தங்கை புருஷனும் அங்கே வேலை. காட்டு எலுமிச்சைக் கன்றின் தோலைக் கீறி, கமலா ஆரஞ்சு மரத்தின் மொட்டை உள்ளே சொருகி, வாழைநாரால் இறுக்கிக் கட்டுவோம். கூடினால் கமலா. கூடாவிட்டால் வெறும் முள். மலையில் தோட்டம் போடுகிறவர்கள் லாரியோடு வந்து வாங்கிப்போவார்கள்.

முதலாளியிடம் ஒரு தாய்மரம் இருந்தது. மற்ற கமலா பச்சையாக இருக்கும்போதே அது பழுத்துவிடும். முதலில் வருகிற பழத்துக்குத்தானே சந்தையில் மரியாதை. அந்த மரத்து மொட்டைத்தான் கட்டினோம். ஆனால் மலைக்காரர்கள் வேறு கேட்டார்கள். சீக்கிரம் பழுப்பது சரி, பனி தாங்குமா என்றார்கள். பனிக்கு நாங்கள் எங்கே போவது? மார்கழியிலும் முதுகு வேர்க்கிற ஊர்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நெல்லுக்கு நடுவே புகைபோக்கி முளைக்க ஆரம்பித்திருந்தது. முதலாளி தோட்டத்தில் பாதியைக் கம்பெனி கட்ட விற்றுவிட்டார். மீதிக்கு ஒட்டுக் கட்டுகிறவன் ஒருவன் போதும். நாங்கள் இரண்டு குடும்பமும் தோட்டத்துக் குடிசைகளில்தான் இருந்தோம். வேலை போனால் குடிசையும் போகும். என் பெண்டாட்டிக்குக் கைக்குழந்தை. தங்கைக்கு வயிற்றில் பிள்ளை.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். பல் குத்திக்கொண்டே சொன்னார்.

"பழவேற்காட்ல மீன் வெக்கிற ஐஸ் ரூம் கீது. உன் செடி கொஞ்சம், அவன் செடி கொஞ்சம் அங்க வெப்போம். எவன் செடி நிக்குதோ அவன் இருக்கட்டும். இன்னொருத்தன் மூட்டய கட்டிக்கோ."

"ரெண்டு பேருதும் நின்னா மொதலாளி?" என்று கேட்டேன்.

"அப்போ எவன்துனா ஒண்ணு சாவற வரைக்கும் வெப்போம்."

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரிக்காவிட்டால் அதுவும் குற்றம்.

மரம் ஒன்றுதான். மொட்டும் அதுதான். எவன் கட்டினால் என்ன? குளிர் தாங்குவதும் தாங்காததும் செடியின் குணம். அது முதலாளிக்கும் தெரியும். போகச் சொல்லுவதை அவர் வாயால் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

செடிகளை மண் தொட்டியோடு மாட்டு வண்டியில் ஏற்றிப்போனோம். ஐஸ் ரூமில் மீன் கவிச்சி மூக்கை அடைத்தது. ஒரு பக்கம் ஐஸ் பாளங்களை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதை ஒட்டி ஒரு பலகை. எதிர்ப் பக்கம் தரையில் மீன் பெட்டிகள். செடி வைக்கப் பலகை இருந்தது, மீன் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தரை இருந்தது. வேறு இடம் இல்லை.

"வயசுல பெரியவன் நீ. மொதல்ல நீ கேளு," என்றார் முதலாளி.

ஐஸை ஒட்டி வைத்தால் செடி கருகும் என்று நினைத்தேன். தள்ளியிருந்த தரையைக் கேட்டேன். மச்சான் தன் தொட்டிகளைப் பலகையில் ஏற்றினான்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் தங்கை மண்ணை வாரித் தூற்றினாள்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனா? ஐஸுகிட்ட அவரத் தள்ளிட்டு நல்ல எடத்த நீ புட்ச்சிக்கினியே. என் புள்ளய நான் ரோட்ல பெத்துக்கணுமா?"

என் பெண்டாட்டி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "உன் ஊட்டுக்காரருக்கு வாயி இல்ல? கேட்டு வாங்கறதுதான? இங்க வந்து இன்னாத்துக்கு ஒப்பாரி வெச்சிக்கினு கீற?"

அன்றிலிருந்து இரண்டு பேரும் கிணற்றுக்குச் சேர்ந்து போகவில்லை. நானும் மச்சானும் மட்டும் எப்போதும்போல ஒரே பாத்தியில் எதிரெதிரே குந்தி ஒட்டுக் கட்டினோம். அவன் நார் தீர்ந்தால் நான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

முதலாளி குறித்த நாளில் ஐஸ் ரூமுக்குப் போனோம். மச்சானுடைய செடிகள் இலை சுருண்டு தலை தொங்கி நின்றன. ஆனால் உயிர் இருந்தது. என்னுடையவை ஓரமெல்லாம் காப்பித்தூள் நிறத்தில் தீய்ந்திருந்தன. தொட்டால் இலை கையோடு வந்தது. ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஈரம். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மீன் கெடாமல் இருக்க ஐஸோடு உப்பும் கலந்து பெட்டியில் கொட்டுவார்கள். உருகின தண்ணீர் தரையில் ஓடும். மண் தொட்டி அதை அடியிலிருந்து குடித்திருக்கிறது.

ஐஸ் உடைக்கிற ஆள் அங்கேயே நின்றிருந்தார். "இன்னா நைனா, தரையில வெச்சா உப்புத் தண்ணி ஏறாதா? மீனே கருவாடு ஆவுது. செடி இன்னா ஆவும்?" என்றார்.

முதலாளியும் தொட்டியைத் தொட்டு நக்கிப் பார்த்தார். துப்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார்.

"நீ சொல்லுடா. உப்பா, குளிரா? உப்புன்னு நீ சொன்னா மறுபடி வெப்போம். இவன்து பலகையில, உன்து தரையில."

மச்சான் தொட்டியில் விரலைத் தேய்த்தான். வாயில் வைத்தான். விரலை எடுக்க அவனுக்கு நேரம் ஆயிற்று.

"எனக்கு ஒண்ணும் கரிக்கல மொதலாளி. குளிருதான்."

ஐஸ் உடைக்கிற ஆள் சிரித்துவிட்டார். "கடலயே குட்ச்சாலும் இவனுக்குக் கரிக்காது," என்றார்.

"கேட்டுக்கினியா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

கேட்டுக்கொண்டேன். மச்சான் திரும்பி வரும் வழியெல்லாம் மாட்டை அடித்துக்கொண்டே வந்தான். மாடு நன்றாகத்தான் நடந்தது.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் கட்டிய செடி ஒரு வரிசை முழுக்கத் தோட்டத்தில் நின்றது. "தோத்தவன் கட்டுன செடியத் தலையில கட்டிட்டான்னு மலைக்காரன் பேசக் கூடாது. புடுங்கிப் போட்டுட்டுப் போ," என்றார் முதலாளி.

பிடுங்கினேன். மொட்டு கூடிய இடத்தில் கத்தி போட்ட கீறல்கூடத் தெரியவில்லை. வேர் நல்ல வெள்ளை. ஒன்று மட்டும் வரவில்லை, ஆழமாக ஓடியிருந்தது. மச்சான் வந்து எதிர்ப் பக்கம் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். வந்தது. அவன் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

குடிசைக்குப் போனால் தங்கை தன் பானைகளை என் வாசலில் இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் குடிசை ஒழுகும். என்னுடையதற்கு நான் புது ஓலை போட்டிருந்தேன். என் பெண்டாட்டி மூட்டை கட்டி முடித்திருந்தாள்.

"அண்ணி, அடுப்ப அணைச்சிடாத. அப்டியே நான் ஒல வெச்சிக்கிறேன்," என்றாள் தங்கை.

என் பெண்டாட்டி குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள். சாம்பல் கூரை வரைக்கும் எழும்பியது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் மூட்டையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு அதே ரோட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றினேன். தோட்டத்து வழியாகத்தான் தினமும் போவேன், வருவேன். தங்கைக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்று நான் யாரையும் கேட்கவில்லை. யாரும் வந்து சொல்லவும் இல்லை.