அடுப்பு இருந்த இடம்

அடையாற்று முகத்துவாரத்துப் பூங்காவுக்குப் ஒரு குழுவோடு பறவை பார்க்கப் போனபோதுதான் அந்தக் காவலாளியைச் சந்தித்தேன். மாசிப் பனி இன்னும் விலகாத காலை. ஒடிசலான உடம்பில் காக்கிச் சட்டை தொளதொளத்தது. காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தார். குளிர்நாடுகளிலிருந்து வந்த உள்ளான் பறவைகள் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. பூவரச மரத்தடியில் யார் போய் நின்றாலும் அவர் ஓடிவந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு சார்."

"ஏன், கூடு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்க வூட்டு அடுப்பு இங்கதான் இருந்துச்சு. யாராவது மிதிச்சா ஒரு மாதிரியா கீது."

ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்துத்தான் அந்தப் பூங்காவைப் போட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே எங்கோ வீடு கொடுத்துக் குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இவர் இரண்டு பஸ் மாறி இங்கே காவலுக்கு வருகிறார்.

இது எதுவும் காதில் விழாத எங்கள் குழுத் தலைவர், "குடிசையெல்லாம் போனப்புறம்தான் பறவைங்க திரும்பி வந்திருக்கு" என்று எல்லோரிடமும் பூரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வரட்டும் சார். எங்கிருந்தோ வந்து ஜாலியா குந்திக்கினு கீது. அதுங்க கிட்ட யாரும் பட்டா கேக்கல பாரு."

கிளம்பும் நேரத்தில் ஒரு தெருநாய் உள்ளான்களை நோக்கிப் பாய்ந்தது. கம்பை ஓங்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி அதை விரட்டியவர் அவர்தான். வேலை போய்விடும் என்று பயந்து இறங்கினாரா, பறவைகளுக்கு இரங்கியா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.