ஒரே காரில் இரண்டு ஓட்டுகள்

1967 ஆகஸ்டில் தேர்தல் நடந்த அன்று, எங்கள் தீவின் மேட்டு நிலத்து ஊரான கியூர்பிப்பில் விடிந்ததிலிருந்தே தூறல். எங்கள் ஊர்த் தூறலுக்குக் குடை பிடித்துப் பயனில்லை. பக்கவாட்டில் வந்து காலருக்குள் இறங்கிவிடும். அப்பா வாசற்படியில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. அம்மாவின் சாம்பல் நிறக் கார். அவள் கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஏறு. எனக்கு எதிரா ஓட்டுப் போட நனைஞ்சுக்கிட்டா போகணும்?" என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு குடையை மடக்கி உதறிவிட்டு ஏறிக்கொண்டார். எனக்கு அப்போது பதினேழு வயது. ஓட்டு இல்லாவிட்டாலும் பின் இருக்கையில் நானும் ஏறினேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வேண்டுமா, பிரிட்டனோடு ஒட்டிக்கொண்டே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கும் தேர்தல் அது. அப்பா சுதந்திரத்தின் பக்கம். அம்மா எதிர்ப்பக்கம். அதற்குள் அவர்கள் பிரிந்து வாழத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் நானும் பழைய வீட்டில் இருந்தோம். அம்மா கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தாள். ஆனாலும் வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் எங்கள் வீட்டு முகவரியிலேயே இருந்ததால் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. காரிலிருந்து இருவரும் சேர்ந்து இறங்கியதும் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தது நினைவிருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களுக்குமே எங்களை எப்படி வரவேற்பதென்று தெரியவில்லை.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய அப்பா ஒரு கரும்புத் தோட்ட மேலாளர் வீட்டில் டிரைவராக இருந்தவர். மகன் இல்லாததால் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று உறவினர் சொல்வார்கள். அம்மாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்துப் பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள் என்பதால் ஊரின் வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் கலப்பினக் குடும்பத்துப் பெண்களும் அவளிடமே கார் பழக வந்தார்கள். அப்பா மோகாவில் அரசு அலுவலக எழுத்தர். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். மாலையில் சமைப்பார். சனிக்கிழமைகளில் என்னைக் கோயிலில் நடந்த தமிழ் வகுப்புக்கு அழைத்துப் போய்விட்டு, வெளியே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். "சாமிக்கு மட்டும் புரியற பாஷையைப் படிச்சு என்ன செய்யப் போறா?" என்று அம்மா கேட்பாள். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க, பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோல்தான். இங்கே அவர்கள் சொன்னதாக நான் எழுதும் தமிழ் என்னுடைய தமிழ். ஆனால் அம்மா அப்பாவை 'நீ' என்று அழைத்தது கிரியோலிலும் அப்படித்தான். அப்பாவின் அக்கா அதைக் கேட்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார்.

அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் கேட்டால் என்னால் ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. ஒரு காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அம்மா, "எனக்குத் தனியா இருக்கணும்போல இருக்கு" என்றாள். அப்பா, "எங்கே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு அவளுடைய பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டவரே அவர்தான். அடி இல்லை, குடி இல்லை, இடையில் இன்னொருவர் இல்லை. அதைத்தான் உறவினர்களால் மன்னிக்க முடியவில்லை. ஏதாவது ஒரு குற்றம் இருந்திருந்தால் யார் பக்கம் பேசுவதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தை என்னைத் தனியே அழைத்து, "உன் அம்மாவைக் கூப்பிட்டு வா. நீ அழுதா வருவா" என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. வார இறுதியில் ரொட்டி வாசனை ஏறும் அந்த மாடி அறையில் அம்மாவோடு படுத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை அப்பாவின் பருப்புக் கறிக்குத் திரும்புவதும் பிடித்திருந்தது.

தேர்தலில் சுதந்திரத்தின் பக்கம் வென்றது. அப்பா அன்றிரவு கோயில் நண்பர்களோடு போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஆனால் அடுத்த மாதங்களில் அவளிடம் பழகிய குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் பிரான்சுக்கும் கிளம்பத் தொடங்கின. ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் காரையே விற்றுவிட்டுப் போனார்கள். ஜனவரியில் தலைநகரில் கலவரம் மூண்டது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். அந்த வாரம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, லண்டனில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் தன் தம்பியிடம் போகப்போவதாகச் சொன்னாள். "இவளையும் கூட்டிட்டுப் போறேன். பதினெட்டு ஆகுது. அங்கே நர்ஸ் பயிற்சிக்கு எடுக்கறாங்க." அப்பா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "அவளைக் கேளு" என்றார். "கேட்கத்தான் வந்தேன்" என்றாள் அம்மா. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் வீட்டில் யாராவது முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்: படிப்பு போதும், மாப்பிள்ளை வருகிறார், தைக்கப் போ. அவர்கள் தலையணையில் முகம் புதைத்து அழுதார்கள். எதிர்க்க ஆள் இருந்ததால் அழ முடிந்தது. என்னுடைய அப்பா அம்மா என்னிடமே கேட்டார்கள். பல வாரங்கள் பதில் சொல்லாமல் தவித்தேன். போகிறேன் என்றால் அப்பாவை விடுகிறேன், இருக்கிறேன் என்றால் அம்மாவை விடுகிறேன். என் கணக்கு அதைத் தாண்டிப் போகவில்லை. இதற்கிடையில் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் கேட்கும் முன்பே ஒரு மாலை அவர் போட்டு என் மேசைமேல் வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. சட்டை மாற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், "நான் போகணும்னு ஆசைப்படறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்போ ஏன் போட்டீங்க?"

"நான் கையெழுத்துப் போடாம நீ இங்கே இருந்தா, அதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார். பிறகு பொத்தானைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பிப்ரவரியில் எனக்குப் பதினெட்டு முடிந்தது. அம்மா எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். லண்டன் போனாலும் உதவும், போகாவிட்டாலும் உதவும் என்றாள். காசு வாங்கிக்கொண்டு வெளியாருக்குச் சொல்லித் தரும் அதே குரலில்தான் எனக்கும் சொல்லித் தந்தாள். மகள் என்று ஒரு சலுகையும் இல்லை. இன்று அந்தச் சாலைகளில் யாரும் காரோட்டும் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்லை, கியூர்பிப்புக்கு மெட்ரோ ரயிலே வந்துவிட்டது. அன்று மோகா போகும் வழியில் கரும்புத் தோட்டத்தில் களை எடுப்பவர்கள் மண்வெட்டியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒரு பிற்பகல் மேட்டில் ஏறும்போது கிளட்சைத் தவறாக விட்டு வண்டியை அணைத்துவிட்டேன். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, "நான் வரலை, அம்மா" என்று சொன்னேன். முந்திய நிமிடம்வரை அதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. "அப்பாவுக்காக இல்லை. பள்ளிக்கூடங்களிலே தமிழ் சொல்லித்தர ஆள் எடுக்கறாங்க. நான் எழுதிப் போடப் போறேன்."

அம்மா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். "முதல் கியர்" என்றாள். போட்டேன். வண்டி குலுங்கி ஏறியது. வெகுதூரம் போனபிறகு, "சாமிக்கு மட்டும்தான் புரியும்னு சொன்னேன் இல்லையா? இனி பிள்ளைங்களுக்கும் புரியட்டும்" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மார்ச்சில் சுதந்திரக் கொடி ஏறியது. அப்பா தலைநகருக்குப் போய்க் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் அம்மா விமானம் ஏறினாள். பிளெசான்ஸ் விமான நிலையம்வரை நானே ஓட்டிப் போனேன். அப்பாவும் வந்தார். பெட்டியை அவர்தான் தூக்கினார். வாசலருகில் நின்று இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அம்மா ஏதோ சொல்ல, அப்பா சிரித்தார். என்னவென்று இருவரிடமும் நான் கேட்டதில்லை. எனக்கு அந்த வருடமே வேலை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தேன்.

அம்மா லண்டனில் முதலில் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். பிறகு அங்கேயும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். இரண்டொரு முறை வந்து போனாள். விவாகரத்து என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அப்பா இறந்தபோது அவள் வந்து சேர்வதற்குள் எரியூட்டி முடிந்திருந்தது. வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். நெற்றிப் பொட்டோடு வந்து நின்றவளைப் பார்த்து அத்தை, முறைப்படி செய்ய வேண்டியவை இருக்கின்றன என்று மெல்ல ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பி உயிரோட இருந்தப்பவே என்னை எதையும் செய்யச் சொன்னதில்லை. இப்போ நீங்க சொல்லாதீங்க, அக்கா." பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதவரும் அத்தைதான்.

அந்தமுறை அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கினாள். கிளம்புவதற்கு முன்பு இருவரும் அப்பாவின் துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். சட்டென்று சொன்னாள்: "அன்னைக்கு நீ என்னோட வந்திருந்தா, உனக்காகத்தான் இந்தக் குளிர்லே கஷ்டப்படறேன்னு தினமும் உன்கிட்டே சொல்லியிருப்பேன். நீ வரலை. எனக்காகத்தான் போனேன்னு நானே ஒத்துக்கவேண்டியதாயிடுச்சு."

"அது கஷ்டமா இருந்ததா?" என்று கேட்டேன்.

"முதல் வருஷம்" என்றாள்.

அப்பா மழைக்காலத்தில் அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை அவள் கையில் இருந்தது. முழங்கையில் அவரே தைத்த ஒட்டு. கொடுக்க வேண்டிய துணிகளின் பக்கம் அதை வைக்கப் போனவள், விரித்துத் தன் தோளோடு அளந்து பார்த்தாள். பிறகு மடித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.