கறுப்பு ஓரம் போட்ட உறை

ஐம்பதுகளில் திருவானைக்காவல் தபாலாபீஸில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு ஜமீன் வீட்டுப் பெரியவர் வருவார். எந்தத் தபாலையும் ஓரத்தைப் பார்த்த பிறகுதான் தொடுவார்.

ஒருநாள் பிரிக்காத பழைய உறை ஒன்றை நீட்டினார். சுற்றிலும் கறுப்பு ஓரம்.

"என் பாட்டனார் லண்டன் போயிருந்தப்ப வந்ததுங்க. கறுப்பைப் பார்த்ததும் அவர் செத்துட்டார்னு, பிரிக்காமலே கருமாதி பண்ணிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க படிங்க."

பிரித்தேன். பாட்டனாரே எழுதியிருந்தார். "தங்கியுள்ள வீட்டில் துக்கம். துக்கத்துக்கென்று அவர்கள் வைத்திருக்கும் கறுப்பு ஓரக் காகிதம் இது. நான் சௌக்கியம். தையில் வந்துவிடுவேன்."

பெரியவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அந்தத் தையில பாட்டனார் குரல் மூணு நாள் வாசல்ல கூப்பிட்டுதாம். ஆவின்னு பயந்து யாரும் கதவைத் திறக்கலைங்க."

இன்றும் வாசலில் யார் கூப்பிட்டாலும், யாரென்று கேட்காமலே ஓடிப்போய்த் திறக்கிறேன்.