தேய்த்த பிறகு எழுந்த முத்திரை

முத்திரை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், திருவொற்றியூரில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் தச்சர். இரும்பில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ராயபுரத்து வீட்டில் உட்கார்ந்து ஈட்டி மரத்தில், புகையிலை பிடிக்கிற புகைக்குழாய் செய்வார். ஹார்பர் பக்கம் ஒரு கடைக்காரர் அவற்றைக் கப்பல்காரர்களுக்கு விற்றார். நான் பி.யூ.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். வெளிநாட்டுப் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, நல்ல குழாய் என்றால் செய்தவன் முத்திரை இருக்கும் என்று மாமாவை நச்சரித்தேன்.

முத்திரை அவரிடம் இருக்கத்தான் செய்தது. ஃபவுண்டரியில் ஒவ்வொரு தச்சருக்கும் ஓர் எஃகு பஞ்ச். செய்த பேட்டர்னில் அதை அடிப்பார்கள். அவருடையது வட்டத்துக்குள் இரண்டு கோடு. கேட்டைத் தாண்டக்கூடாத சாமான். மாட்டேன் என்றார். ஒரு மாதம் நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். திங்கள் காலை திரும்பப் போய்விட்டது. நடுவில் பன்னிரண்டு குழாய்களில் நானே அடித்தேன். காம்பு பிளக்காமலிருக்கப் புகைத் துளைக்குள் கம்பியைச் சொருகி, ஒரே அடி. என்ன அழகாக விழுந்தது.

அதில் ஏழு ஹார்பர் கடைக்குப் போயின. மூன்றாம் வாரம் அங்கே ஃபவுண்டரி அதிகாரி ஒருவரே ஒன்று வாங்கினார். வட்டமும் கோடும் அவருக்குத் தெரியாதா? மரம் கம்பெனியிலிருந்து போனது என்று முடிவுகட்டி, மிச்சக் குழாய்களோடு மறுநாள் மாமாவை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார். மரமோ மாமா காசு கொடுத்து வாங்கியது. ரசீது கேட்டு மரவாடிக்கு ஓடினார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மிச்சமிருந்த ஐந்தையும் உப்புத்தாளால் தேய்த்தேன். முத்திரை இருந்த சுவடே இல்லை. பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வந்து பார்த்தார். ஈரத்துணியை எடுத்துத் தூசியைத் துடைத்தார். பஞ்ச் அடித்த இடத்தில் மரம் அமுங்கிக் கிடக்கும், தண்ணீர் பட்டால் எழும்பும் என்று எனக்கு யார் சொன்னது? வட்டமும் கோடும் தடிப்புத் தடிப்பாக மேலே வந்தன.

"இன்னா மச்சான் இது? காலைல வரைக்கும் நாம திருடல. இப்ப இத்த பாக்கிறவன் இன்னா சொல்வான்?"

நானும் வருகிறேன், நான்தான் தேய்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"பஞ்ச் உன் கைக்கு எப்டி வந்துச்சின்னு கேப்பான். நீ வூட்ல கெட."

ரசீதைக் காட்டியதும் மரத்தை நம்பினார்களாம். ஆனால் பஞ்ச் வெளியே போனதற்கு மன்னிப்பு இல்லை. தேய்த்தது யார் என்று அதிகாரி கேட்க, மாமா தான்தான் என்று சொல்லியிருக்கிறார். வேலை போகவில்லை. பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு உலைப் பக்கம் மண் அள்ளப் போட்டுவிட்டார்கள்.

தப்பை மறைக்கப் போய்த்தானே இந்தக் கதி, எதுக்கு அதைத் தேய்ச்சே என்று அக்கா சோறு போடும்போதெல்லாம் அவரைக் கேட்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன்.