கடற்கரைக்கு மட்டும் வேண்டாம்

அப்பா அந்த அட்டவணையை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கோடு போடாமல் எதையும் எழுத மாட்டார். முதல் கட்டத்தில் நாள், அடுத்ததில் இடம், அதற்கடுத்து வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டிய நேரம், கடைசியில் திரும்பி வரலாம் என்ற நேரம். மொத்தம் பன்னிரண்டு நாட்கள். தெஹிவளையில் மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, கொட்டாஞ்சேனைக் கோயில், நுகேகொடையில் சப்பாத்து வாங்குவது, கிருலப்பனையில் மாமி வீடு. எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு தரம் அடிக்கோடு இழுத்து, ‘கடற்கரைக்கு மட்டும் வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி. பல்கனியில் நின்றால் தண்டவாளமும் அதற்கு அந்தப் பக்கம் கடலும் தெரியும். நடந்தால் ஐந்து நிமிடம். அதுதான் பிரச்சினை. கடற்கரைக்குப் போனவர்கள் தண்ணீர் விடாய் என்றும், காலெல்லாம் மண் என்றும், சின்னவனுக்கு ஒன்றுக்கு வருகிறது என்றும் நினைத்த நேரம் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். வந்தால் வீட்டில் அப்பா இருக்க மாட்டார்.

அக்கா கனடாவிலிருந்து நான்கு வருடத்துக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகளோடு, ஓகஸ்ட் லீவுக்கு வந்திருந்தாள். அவள் டிக்கெட் எடுத்த அடுத்த கிழமைதான் அப்பாவின் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அவள் நிற்கும் நாட்களில் அப்பா கதிர்ச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. “பிள்ளை ஆசையா வாறாள். சந்தோசமா நிண்டிட்டுப் போகட்டும். போன பிறகு சொல்லுவம்” என்றார் அப்பா. அம்மாவும் ஓம் என்றார். இது எங்கள் ஆட்களின் பழக்கம். கல்யாணம் நிச்சயமானால் அந்த நிமிடமே வெளிநாட்டுக்குக் கோல் போகும். நோய் வருத்தம் என்றால் ஆள் முடிந்த பிறகுதான் போகும். பாசம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது அது களவாகத்தான் தெரிகிறது. அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. வேலை செய்யும் கடையில் லீவு போட்டுவிட்டு, அட்டவணைத் தாளை மடித்து சேர்ட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஓரிடத்தில் ஒழுங்காக இருந்ததில்லை. காலை எட்டு மணிக்கு அவர்களை வெளியே தள்ளுவேன். எட்டரைக்கு அம்மா அப்பாவை ஓட்டோவில் ஏற்றுவார். மிருகக்காட்சிசாலையில் யானைக்கு முன்னால் பிள்ளைகள் நின்றார்கள், நான் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றேன். சீக்கிரம் முடிந்துவிட்டால் இன்னொரு தரம் சுற்ற வைத்தேன். நூதனசாலையில் ஒவ்வொரு பழைய வாளையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன். “மாமா, எங்கட வீட்டில இருந்து கடல் தெரியுது. ஏன் போகேலாது?” என்று மூத்தவள் தினமும் கேட்டாள். “இப்ப அலை பெரிசு. இழுத்துக்கொண்டு போயிடும்” என்றேன். ஓகஸ்டில் எங்கள் பக்கக் கடல் அப்படித்தான். பொய்க்கு நடுவில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பின்னேரம் திரும்பி வரும்போது அப்பா முகம் கழுவி, பவுடர் போட்டு, கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருப்பார். கருகிப்போன தோலை அந்தத் துவாய் மறைத்தது. குரல் போய்விட்டது. தடிமன், சளி என்று அம்மா சொல்லி வைத்தார். அக்கா பக்கத்தில் போய் இருந்தால் தலையை ஆட்டுவார், இரண்டு நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

ஏழாம் நாள் கொட்டாஞ்சேனையில் கோயிலை விட்டு வெளியே வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். “தம்பி, போதும்டா. பிள்ளையளுக்கும் ஏலாது. வீட்ட போய் அப்பாவோட இருப்பம்.” மணி பதினொன்று. அட்டவணையில் இரண்டு என்று இருந்தது. அப்பாவுக்கு ஃபோனில் தட்டினேன், ‘வரப் போறம் எண்டுறா’. பதில் வந்தது: ‘இன்னும் கொஞ்ச நேரம் வைச்சிரு ராசா’. நான் அக்கா மீது பாய்ந்தேன். “லீவுக்கு வந்தது வீட்டுக்குள்ள படுக்கவோ? அதுக்குக் கனடாவிலயே படுத்திருக்கலாமே!” தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவோம் என்று அவள் கேட்கவேயில்லை. நான் கூட்டிப்போன இடமெல்லாம் வந்தாள்.

விமான நிலையத்தில் பிள்ளைகளை முன்னால் விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். “அப்பாக்கு என்னில கோவமோடா? நாலு வருசம் வரேல்லை எண்டோ? முகத்தைப் பார்த்து ரெண்டு சொல்லுக் கதைக்கேல்லை.” சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள். “வயசு போட்டுது அக்கா, அவ்வளவுதான்” என்றேன். அவள் உள்ளே போனாள்.

போன பிறகு சொல்லுவம் என்றவர் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஒக்டோபரில் இறந்துபோனார். வருத்தம் ஐந்து கிழமைக்கு முன்னால்தான் இருமலாகத் தொடங்கியது என்று அக்காவுக்குச் சொல்லலாம் என அம்மா யோசித்து வைத்திருந்தார். அக்கா செத்தவீட்டுக்கு வந்து இறங்கியதும், கீழ் வீட்டு அன்ரி அவளைக் கட்டிப்பிடித்து, “நீர் வந்து நிக்கேக்கையும் நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர் எல்லே, பாவம்” என்று சொல்லி அழுதார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு இருத்தினாள். ஃபோனில் ஓகஸ்ட் மாதப் படங்களைத் திறந்தாள். முதல் படத்தில் பிள்ளைகள் யானைக்கு முன்னால். “இந்த நேரம் அப்பா எங்க?” என்றாள். ஆஸ்பத்திரியில் என்றேன். அடுத்த படம், நூதனசாலைப் படி. “இந்த நேரம்?” அங்கேதான். நுகேகொடையில் புதுச் சப்பாத்தோடு சின்னவன். “இந்த நேரம்?” ஒரு படத்தையும் விடவில்லை. கோயில் வாசல் படத்தில் நான் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆரோட கதைச்சுக்கொண்டிருக்கிறாய்?” அப்பாவோடு என்றேன். “அந்த மெசேஜை எனக்கு அனுப்பு.” அழித்துவிட்டேன். வாசித்ததும் அழிக்கச் சொன்னவரும் அப்பாதான். ஒன்றும் மிச்சமில்லை.

நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். அவள் அடிக்கவில்லை. கனடாவுக்குத் திரும்பிப் போன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக் கோல்கள் தொடங்கின. இந்த வருடம் ஓகஸ்ட் லீவுக்கு அவள் வரவில்லை. கோல் மட்டும் வருகிறது. அதை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் நடக்கிறேன், ஹோலிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து பல்கனிக்கு. அவள் ஒவ்வொரு நாளாகக் கேட்கிறாள். எட்டாம் நாள் அப்பா நடந்து போனாரா, தூக்கி ஏற்றினார்களா? வரிசையில் எவ்வளவு நேரம் இருந்தார்? நொந்ததா? யாரையாவது கேட்டாரா? அம்மாவிடம் கேட்டால், “முடிஞ்சதை ஏன் பிள்ளை கிளறுறாய்” என்று ஃபோனை என் கையில் திருப்பித் தந்துவிடுகிறார்.

போன ஞாயிறு, ஒன்பதாம் நாள் அப்பா மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன்.

“எனக்கு என்னெண்டு தெரியும்? நானும் உங்களோடதானே நிண்டனான்!”

கோலை வெட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வந்து நின்ற பன்னிரண்டு நாளும் நான் ஒருதரமும் கேட்காத இளகிய குரலில், “ஓம்டா தம்பி, உனக்கும் தெரியாதுதான்” என்றாள்.